பேர் வெட்டின டிபன் பாக்ஸ்

என் கத்திரிக்கோலை யாராச்சும் தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். திண்டுக்கல்ல நாங்க குடியிருந்த வீட்டு முன் ரூம்லதான் என் தையல் மிஷின் கெடந்துச்சு. அதுக்கு வலப்பக்கச் சுவத்துல ஒரு ஆணி. கத்திரிக்கோல் ஒண்ணு என் கையில இருக்கணும், இல்ல அந்த ஆணியில தொங்கணும். மூணாவதா ஒரு எடம் அதுக்குக் கெடையாது. "நான் ஒரு ஊக்கைக்கூடத் தொலைச்சதில்ல"ன்னு ஜாக்கெட்டு தைக்க வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்குவேன். அளவு எடுக்கறப்பச் சொன்னா அவங்க எங்கிட்டு ஓட முடியும், பாவம், கேட்டுக்குவாங்க.

இப்படிப்பட்டவளுக்கு வந்து பொறந்துச்சு பாருங்க ஒரு மக! காலையில முழுப் பென்சில் குடுத்து அனுப்புனா சாயங்காலம் வெறுங்கையோட வருவா. ரப்பரைத் தின்றாளோ என்னமோ, ரெண்டு நாளைக்கு ஒண்ணு காணாமப் போகும். ரெண்டாவது படிக்கிறப்ப ஒருநாள் ஒத்தச் செருப்போட வந்து நிக்கிறா. "இன்னொண்ணு எங்கடி?"ன்னு கேட்டா, "அது ஆட்டோவுலயே போயிருச்சும்மா"ங்கறா. செருப்பு என்னமோ டிக்கெட் எடுத்துக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன மாதிரி. எனக்குச் சிரிப்பு வரல. அந்த ஒத்தச் செருப்பை ஒரு வாரம் வாசல் நெலையில மாட்டி வச்சேன். போறப்ப வர்றப்ப அவ கண்ணுல படட்டும்னுதான்.

எங்க வீட்டுக்காரரு சிறுமலை பஸ்ல கண்டக்டரா இருந்தாரு. ஜனங்க வண்டியில விட்டுட்டுப் போற சாமானைப் பத்தித் தெனம் ஒரு கதை வச்சிருப்பாரு. கொடை, கட்டைப்பை, ஒரு தாரு மலை வாழைப்பழம், ஒருதடவை ஒரு டப்பாவுல பல்செட்டு. "பெரிய மனுசனே பல்லை மறந்துட்டுப் போறான், அது சின்னப்புள்ள, விடு"ம்பாரு. "நீங்க இப்படியே செல்லம் குடுங்க, நாளைக்கு அது தலையவே எங்கயாச்சும் வச்சுட்டு வரும்"னு நான் வள்ளுனு விழுவேன். அவரு துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிருவாரு.

மூணாம் வகுப்பு தொடங்குனப்ப நான் ஒரு சட்டம் போட்டேன். ஸ்கூல் விட்டு வந்ததும் வராததுமா பாயை விரிச்சு, பையில உள்ள அம்புட்டையும் ஒவ்வொண்ணா எடுத்து வைக்கணும். பென்சில், ரப்பர், ஸ்கேல், தண்ணி பாட்டில், ஸ்பூன், கைக்குட்டைன்னு வாய் விட்டுச் சொல்லணும். "வா, கடை பரப்பு"ம்பேன். எல்லாம் சரியா இருந்தாத்தான் காப்பி. எது இல்லையோ அது இல்லாமத்தான் இனி இருக்கணும், புதுசு கெடையாது. அக்கம்பக்கத்துல எல்லாம் மெச்சிக்கிட்டாங்க. எனக்கும் தலைகால் புரியல.

அந்த ஜூன் மாசம்தான் அந்த டிபன் பாக்ஸ் வாங்குனது. எவர்சில்வர். ரெண்டு பக்கமும் கொக்கி, உள்ள சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வைக்க ஒரு குட்டித் தட்டு. பாத்திரக் கடையிலயே பேரு வெட்டச் சொன்னேன். மூடியில ஒண்ணு, அடியில ஒண்ணு, இனிஷியலோட. அந்த மிஷின் கிர்ர்ருனு சத்தம் போடுறதை இவ கடைக்காரர் மேசையில மோவாயை வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் விரலால அந்த எழுத்தைத் தடவிக்கிட்டே வந்தா. பென்சில் போச்சு, ஸ்கேல் போச்சு, தண்ணி பாட்டில் மூடிகூடப் போச்சு. ஆனா அந்தப் பாக்ஸை மட்டும் ஜூன்லருந்து அக்டோபர் வரைக்கும் ஒரு நாள்கூட விட்டுட்டு வந்ததில்ல. எனக்கு அப்பவே மண்டையில உறைச்சிருக்கணும்.

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்குற அன்னைக்குக் காலையில சோத்தைக் கிண்டி வச்சுட்டுத் தேடுறேன், பாக்ஸைக் காணோம்.

"பாக்ஸ் எங்கடி?"

"இங்கதாம்மா இருந்துச்சு."

"இங்கன்னா எங்க?"

"அடுப்படியில. லீவு விட்ட அன்னைக்கே கழுவிக் கவுத்துனேம்மா."

"கவுத்துனது கால் மொளச்சு நடந்து போயிருச்சா? கூசாமப் பொய் சொல்ற பாரு!"

அடுப்படியப் பொரட்டுனேன். பரண்ல ஏறிப் பாத்தேன். மிஷினுக்கு அடியில, வெட்டுத்துணி மூட்டைக்குள்ள, ஒரு எடம் விடல. இல்ல. வீட்டுல இல்லன்னா ஸ்கூல்லதான் விட்டிருக்கணும். என் கணக்கு அம்புட்டுத்தான். அதுல எனக்கு எள்ளளவும் சந்தேகமே வரல.

மறுநாள் நானே அவ ஸ்கூலுக்குப் போனேன். வகுப்புல அத்தனை பிள்ளைகளும் உக்காந்திருக்கு. டீச்சர்கிட்ட, "இவ தொலைக்கிறதும் இல்லாம வீட்டுக்குக் கொண்டு வந்தேன்னு பொய்யும் சொல்றா டீச்சர். கொஞ்சம் இவமேல ஒரு கண்ணு வச்சுக்கங்க"ன்னேன். நல்லா சத்தமாத்தான் சொன்னேன். வெக்கம் வந்தாத்தான் புத்தி வரும்னு எனக்கு ஒரு நெனப்பு. அவ பெஞ்சுல தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

மூணு நாள் விடாமக் கேட்டேன். அடிக்கல. அதை வேற அப்ப பெருமையா நெனச்சுக்கிட்டேன். துணியத் தச்சுக்கிட்டே கேப்பேன், தலை பின்னுறப்பக் கேப்பேன், சோறு போடுறப்பக் கேப்பேன். "சாமான் போனாப் போகுது தாயி, பொய்தான் கூடாது. நல்லா யோசிச்சுச் சொல்லு." அவளும் "வீட்டுக்குக் கொண்டாந்தேம்மா"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. நாலாம் நாள் சாயங்காலம் பாயில கடை பரப்பிக்கிட்டு இருக்கா, நான் எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன்.

"சாப்ட்டுட்டு எங்க கை கழுவுவ?"

"பைப்படியில."

"அப்ப பாக்ஸையும் அங்கதான கழுவுவ?"

"ம்."

"கழுவி அந்தத் திட்டு மேல வச்சிருப்ப. வச்சுட்டு வெளையாட ஓடியிருப்ப. சரியா?"

ஸ்பூனை எடுத்துப் பாயில வச்சா.

"மூடி தொறந்து கெடந்துச்சா? காக்கா கீக்கா வந்து கொத்துச்சா? சொல்லு, அம்மா ஒண்ணும் செய்ய மாட்டேன்."

கைக்குட்டைய மடிச்சு ஸ்பூனுக்குப் பக்கத்துல வச்சா. அப்புறம், "ஆமாம்மா, பைப்படியில வச்சேன். காக்கா கொத்துச்சு. நான் வெளையாடப் போயிட்டேன்"ன்னா.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. "பாத்தியா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டுப் பாடு உண்டா?"ன்னு கட்டிப் பிடிச்சு ஒரு முத்தம் குடுத்தேன். டப்பாவுலருந்து கடலை மிட்டாய் எடுத்துக் குடுத்தேன். உண்மை சொன்னதுக்காம்! சாயங்காலம் அவரு வந்ததும், "பாருங்க, எப்படி வாங்குனேன் உண்மைய"ன்னு அவருகிட்டயும் பீத்துனேன்.

ஆனா சட்டம் சட்டம்தான், புதுப் பாக்ஸ் கெடையாது. மூடி சரியா மூடாத பழைய அலுமினிய டப்பா ஒண்ணு இருந்துச்சு. அதுல சோத்தை வச்சு, வெட்டுத்துணிய நீளமாக் கிழிச்சு மூடியோட சேத்துக் கட்டி அனுப்புவேன். சாம்பார் கசிஞ்சு பை நாறும், நோட்டு மஞ்சளாகும். கூடப் படிக்கிறதுக "பொட்டலம், பொட்டலம்"னு கேலி பண்ணுதுகன்னு ஒருநாள் அழுதா. "அழு, நல்லா அழு, அப்பத்தான் அடுத்த சாமானைப் பத்திரமா வச்சுக்குவ"ன்னு சொல்லிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டேன்.

நவம்பர் கடைசியில ஸ்கூல்லருந்து ஆள் விட்டுட்டாங்க. போனா டீச்சர் தனியாக் கூப்பிட்டு, "ஒரு பொண்ணோட கலர் பென்சில் டப்பா காணாமப் போயிருச்சு. உங்க மகதான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா. எங்கன்னு கேட்டா சாக்கடையில போட்டுட்டேங்கறா"ன்னாங்க. தொலைக்கிறது ஒரு பக்கம், இது திருட்டுல்ல? எங்க ரெண்டு பேரு வீட்லயும் அடுத்தவங்க சாமான்ல கை வச்சவங்க யாரும் கெடையாது. வர்ற வழியெல்லாம் நான் அவ கையக்கூடப் பிடிக்கல.

அவ பொறந்த நாளைக்கு அவங்கப்பா ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கிக் குடுத்திருந்தாரு. பன்னெண்டு கலர். மொனை மழுங்கிரும்னு அதை அவ எடுத்து வரையவே மாட்டா, தொறந்து தொறந்து பாத்துட்டு மூடி வச்சுக்குவா. மறுநாள் அந்த டப்பாவக் குடுத்து, "நீயே உன் கையால அந்தப் பிள்ளைகிட்டக் குடுத்து மன்னிப்புக் கேளு"ன்னு அனுப்பிட்டேன். "இல்லம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லல, அழக்கூட இல்ல. கொண்டு போய்க் குடுத்துட்டு வந்து, பாயை விரிச்சு, கடை பரப்புனா. பரவாயில்லையே, பிள்ளை திருந்துதேன்னு நான் நெனச்சேன். இப்ப நெனச்சா எனக்கே என்னை அறையணும் போல இருக்கு.

ஜனவரியில ரம்ஜான் வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை. எங்களுக்கு அடுத்த வீடு ஒரு பாய் வீடு. அவருக்குத் தோல் வியாபாரம். அந்த வீட்டம்மாவ நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், அவங்களுக்கு நான் தங்கச்சி. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இடுப்பளவு சுவரு. தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கம் போகும், பெருநாளைக்குப் பிரியாணி இந்தப் பக்கம் வரும். யாரு பாத்திரத்தையும் யாரும் வெறுமனத் திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒண்ணுமில்லன்னா ரெண்டு கைப்பிடி அரிசியாச்சும், ஒரு சீப்புப் பழமாச்சும் போட்டுத்தான் குடுக்கறது.

மத்தியானம் அந்த அக்கா புதுச் சேலையில வந்து நிக்கிறாங்க. ஒரு கையில பிரியாணித் தூக்கு. இன்னொரு கையில எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. சித்தையன்கோட்டைக்கு மக பிரசவத்துக்குப் போனவ, சம்பந்தியம்மா படுத்த படுக்கையா இருக்கவும், பிள்ளை பொறந்து நாப்பது நாள் கழிஞ்சும் வர முடியாமப் போச்சு. நோம்பும் அங்கயே வந்துருச்சு. முந்தாநாள்தான் வந்தேன். வெறும் பாத்திரத்தை எப்படிக் குடுக்கறது, அதான் பெருநாளைக்கு நெய்ச் சேமியா போட்டுக் குடுப்போம்னு வச்சிருந்தேன். பாப்பா பேரு போட்டிருக்கே, தேடுனீங்களோ?"

மூடியில என் மக பேரு. இனிஷியலோட.

ஆத்தாடி! அந்த நிமிசம் எனக்கு எல்லாம் வந்துருச்சு. ஒண்ணு விடாம வந்துருச்சு. பூஜை அன்னைக்குச் சாயங்காலம், கொண்டக்கடலைச் சுண்டல். படையல் போட்டதை அவங்க வீட்டுல சாப்பிட மாட்டாங்க. அதனால படைக்கிறதுக்கு முன்னாடியே அவங்களுக்குன்னு தனியா எடுத்துருவேன். அன்னைக்குக் கிண்ணம், தட்டு எல்லாம் சாமிக்கு முன்னாடி பரப்பியிருந்துச்சு. அவசரத்துக்கு மேடையில கவுத்தியிருந்த டிபன் பாக்ஸைத்தான் எடுத்தேன். பூஜைக்குப் பாத்திரம் கழுவுன தண்ணி தெறிச்சு அது ஈரமா இருந்துச்சு. முந்தானையால தொடச்சேன். பேரு வெட்டுன எடத்துல தண்ணி நின்னுச்சு, அதையும் தொடச்சேன். சுவத்துக்கு மேல நீட்டுறேன், அந்த அக்கா, "மகளுக்கு வலி எடுத்துருச்சாம் தங்கச்சி, விடிஞ்சதும் போறேன்"னு கண்ணைக் கசக்குறாங்க. ரெண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிட்டு உள்ள வந்து வெளக்கு ஏத்துனேன். அம்புட்டுத்தான். அதோட அது என் மண்டையிலருந்து தொடச்ச மாதிரிப் போயிருச்சு. ஊக்கைக்கூடத் தொலைக்காதவ!

அவங்க போனதுக்கப்புறமும் நான் வாசல்லயே நின்னேன். பேரு வெட்டுன எடத்தை விரலால தடவிப் பாத்தேன். திரும்புனா என் மக பின்னாடி நிக்கிறா. பாக்ஸைப் பாத்ததும் ஒரு எட்டுப் பின்னால போனா. "அம்மா, நான் ஒண்ணும் செய்யல"ன்னா.

அவளை இழுத்து மிஷின் ஸ்டூல்ல உக்கார வச்சு, நான் தரையில உக்காந்தேன். "தங்கம், இதை நீ தொலைக்கல. அம்மாதான் சுண்டல் போட்டு அந்த வீட்டுக்குக் குடுத்துட்டு மறந்துட்டேன். நீ சொன்னதுதான் நெசம். கழுவிக் கவுத்தித்தான் வச்சிருந்த."

அவ என்னையே பாத்தா. "அப்ப பைப்படியில வச்சது?"ன்னு கேட்டா. என்கிட்டக் கேக்குறா!

"நீ அங்க வச்சியாடி?"

"நீதானம்மா சொன்ன, திட்டு மேல வச்சிருப்பன்னு."

"காக்கா கொத்துச்சுன்னியே?"

"அதுவும் நீதான் கேட்ட."

"அதுக்கு எதுக்குடி ஆமான்ன? நீதான் வைக்கலையே?"

"ஆமான்னு சொன்னதும் விட்டுட்டீல்ல"ன்னா. கொற சொல்ற மாதிரி இல்ல. இன்னைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வெஞ்சனம்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா.

அப்பத்தான் இன்னொண்ணு வந்து நெஞ்சுல இடிச்சுச்சு. "அந்தக் கலர் பென்சில்?"

பாவாடை நுனிய முறுக்குனா. "நான் எடுக்கலம்மா. டீச்சர் மொதல்ல என்னையத்தான் கேட்டாங்க. இல்லன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எல்லாரையும் நிக்க வச்சுட்டாங்க, பெல்லு அடிச்சும் விடல. எல்லாரும் என்னையவே பாத்தாங்க. ஆமான்னேன், விட்டுட்டாங்க."

மொதல்ல என்னையத்தான். பின்ன, வேற யாரைக் கேப்பாங்க? வகுப்பு முன்னாடி நின்னு, இவ பொய் சொல்றவ, இவமேல கண்ணு வைங்கன்னு சொல்லிட்டு வந்தது யாரு? பெத்தவ. பிள்ளைக்கு நான் பொறுப்பைக் கத்துக் குடுத்ததா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேள்வி கேக்குறவங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லித் தப்பிக்கிறதைக் கத்துக் குடுத்திருக்கேன். கடலை மிட்டாய் வேற குடுத்துக் கத்துக் குடுத்திருக்கேன், பாவி!

"இதைச் சாப்பிடலாமாம்மா?"ன்னு கேட்டா. தலைய ஆட்டுனேன். பாக்ஸை மடியில வச்சுக்கிட்டு, சேமியாவ வழிச்சு வழிச்சுத் தின்னா. தின்னுட்டு அவளாவே கழுவி, கவுத்தி வச்சுட்டு, "அம்மா, கவுத்திட்டேன், பாத்துக்க"ன்னா. என்னைய வந்து பாக்க வச்சுட்டுத்தான் வெளையாடப் போனா.

வீட்டுக்காரரு டூட்டி முடிஞ்சு வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. சட்டையக் கழட்டிக் கொடியில போட்டாரு. "நாளைக்குப் போயி, எல்லார் முன்னாடியும் சொன்னேல்ல, அதே மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வா"ன்னாரு.

திங்கக்கிழமை காலையில பேரு வெட்டுன பாக்ஸ்ல சோத்தை வச்சு, அவ கையப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். அதே வகுப்பு, அதே பெஞ்சு. டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். டிபன் பாக்ஸைத் தொலைச்சது நான்தான், என் மக பொய் சொல்லல, கலர் பென்சிலையும் அவ எடுக்கலன்னு சத்தமாச் சொன்னேன். பிள்ளைக எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குதுக. எனக்கு முகமெல்லாம் வேர்த்து ஊத்துது.

டீச்சர் நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கும் கொழப்பமாயிருச்சு. "பாக்ஸ் சரிங்கம்மா. பென்சிலை அவளே எடுத்தேன்னு ஒத்துக்கிட்டாளே? சாக்கடையில போட்டேன்னு எடத்தைக்கூடக் காட்டுனாளே?"ன்னாங்க. அப்புறம் அவ ஒசரத்துக்குக் குனிஞ்சு, ரொம்பப் பிரியமாக் கேட்டாங்க. "பயப்படாதடா. நெசத்தை மட்டும் சொல்லு. அந்தப் பென்சிலை நீ எடுத்தியா, இல்லையா?"

இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுக்காகத்தான அவளைக் கூட்டிட்டு வந்தேன். சொல்லுடி, சொல்லுடின்னு உள்ளுக்குள்ள தவிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அவ டீச்சரைப் பாக்கல. அண்ணாந்து என் முகத்தைப் பாத்தா. ஒரு கையில பாக்ஸைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால என் முந்தானைய இழுத்தா. குனிஞ்சேன். காதுக்கிட்ட வந்து மெதுவாக் கேட்டா:

"இப்ப எதும்மா சொல்லணும்?"